ஹெட்டி சொன்னதாக ஒரு பாட்டு

மேப்பிள் கிரீக், ஐயோவா
9 பிப்ரவரி 1873

அன்புள்ள தம்பி எரஸ்டஸுக்கு, அக்கா லவீனியா எழுதுவது. உன் இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் உடம்பளவில் சுகம்.

ஹெட்டி போய்விட்டாள். போன மாதம் இந்த ஊருக்குள் தொண்டை அடைப்பான் வந்து வீடு வீடாகப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. நம் வீட்டையும் விடவில்லை. உனக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

அவள் போனது நட்டநடுப் பகலில். வெளியே பனிமேல் வெயில் அடித்து, ஜன்னல் பக்கம் பார்க்கவே கண் கூசியது. "ஏம்மா இருட்டா இருக்கு, விளக்கை ஏத்து" என்றாள். "விளக்கு வேண்டாம்டி, பகல்தான்" என்றேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது.

அத்தான் அப்போது ஊர் ஊராகப் பிரசங்கம் செய்யப் போகும் தன் சுற்றின் கடைசிச் சபையில் இருந்தார். ஆள் அனுப்பினோம். ஆற்றில் பனி உடைந்து கிடந்ததால் குதிரை இறங்க மறுத்திருக்கிறது. அவர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. தொப்பியைக்கூடக் கழற்றாமல் கேட்டது ஒன்றே ஒன்று: "போகும்போது என்ன சொன்னா?"

நம் மெதடிஸ்ட் ஜனங்களைப் பற்றி உனக்குத் தெரியாதா? ஒருவர் செத்தால் எதனால் செத்தார் என்று பிறகுதான் கேட்பார்கள். சமாதானமாய்ப் போனாரா, ஆண்டவரைக் கண்டாரா, என்ன சாட்சி சொல்லிவிட்டுப் போனார், அதுதான் முதலில் வேண்டும். பக்கத்து வீட்டுச் சகோதரி பெக் சபைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்று இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டாள். அவளை விரட்டிவிட்டேன். அத்தானை எப்படி விரட்டுவது? "அப்புறம் சொல்றேன்" என்று அடுப்படிக்குப் போனவள்தான். இன்னும் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் செய்வதைக்கூட அவர் விட்டுவிட்டார்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும். உனக்கு வார்த்தை வரும்.

உன் அக்கா,
லவீனியா


பிலடெல்பியா
27 பிப்ரவரி 1873

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்குத் தோத்திரம். இருமல் நின்றது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து தூக்கமும் நின்றது.

நம் ஹெட்டியா, அக்கா? நான் கடைசியாகப் பார்த்தபோது ஆர்கனின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, "மாமா, பல்லு எல்லாம் விழுந்துடுச்சு" என்று கைதட்டினாளே. அந்த ஆர்கன்முன் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே ஒரு ராகம் வந்தது. ராகத்தோடு வார்த்தையும் வந்தது. இத்தனை வருஷமாக மற்றவர்கள் பாட்டுக்கு மெட்டுப் போட்டுக் கூலி வாங்கியவன் நான். சொந்தமாக எழுதிய எதையும் யாரும் சீந்தவில்லை. இது அப்படியல்ல. எழுதி முடித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. பல்லவி இது:

விளக்கு வேண்டாம், அம்மா, எனக்கு
விடிந்ததே விடிந்ததே!
களைத்த கண்ணில் காலைச் சூரியன்
கர்த்தர் முகமாய்த் தெரிந்ததே!

ஞாயிறு பள்ளிகளுக்கு வருகிற வசந்தகாலப் பாட்டுப் புத்தகத்தில் இதைச் சேர்க்கப் பதிப்பாளர் உடனே சம்மதித்துவிட்டார். தலைப்பின்கீழ் 'ஐயோவாவில் கர்த்தருக்குள் உறங்கிய சிறுமி ஹெட்டியின் கடைசி வார்த்தைகள்' என்று போடச் சொல்லியிருக்கிறேன். அத்தானிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டாயே. இதைப் பாடிக் காட்டு. அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உன் தம்பி,
எரஸ்டஸ்


மேப்பிள் கிரீக்
16 மார்ச் 1873

தம்பிக்கு,

உன் இருமல் நின்றது நல்லது.

பாட்டைப் படித்தேன். படித்துவிட்டு என் பழைய கடிதத்தில் என்ன எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். எரஸ்டஸ், விளக்கு வேண்டாம் என்றது அவள் இல்லை. நான். அவள் வேண்டும் என்றாள். என் வார்த்தையைப் பிடுங்கிப் பிள்ளை வாயில் வைத்திருக்கிறாய். பொல்லாத எண்ணத்தோடு செய்தாய் என்று சொல்லமாட்டேன். சாகிறவர் வாயிலிருந்து வெளிச்சம் வரவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தவன் நீ. இருட்டு என்று எழுதினாலும் வெளிச்சம் என்றுதான் படிப்பாய்.

உனக்கு எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். பகல்தான் என்று நான் சொன்னதும், "பொய் சொல்ற" என்றாள். பிறகு விளக்கை ஏற்றினேன். அவள் முகத்துக்கு நேராகவே பிடித்தேன். அப்போதும் "பொய் சொல்ற, நீ ஏத்தல" என்றாள். என் கையைத் தட்டிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். அந்தக் கோபத்திலேயே, அந்தப் பயத்திலேயே போனாள். அவள் எந்த முகத்தையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்க்கவில்லை.

இதைத்தான் உன் அத்தானிடம் சொல்ல வேண்டும். எனக்காக ஒருவர் சேர்ந்து அழ வேண்டும், தம்பி. நடந்ததற்காக அழ வேண்டும். இந்த உலகத்தில் அதற்கு எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான். உன் பாட்டு முந்திக்கொண்டு அவர் காதில் விழுந்தால் அதுவும் போச்சு. பதிப்பாளரிடம் சொல்லி எடுத்துவிடு. வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

லவீனியா


பிலடெல்பியா
30 ஏப்ரல் 1873

அன்பான அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். நடுவில் நியூ ஜெர்சியில் கூட்டங்கள், பிறகு மறுபடி இருமல். நீ சுகமா? அத்தான் சுகமா? அங்கே பனி கரைந்திருக்கும்.

உன் கடிதம் வந்தபோது அச்சு முடிந்து புத்தகங்கள் பெட்டிகளில் ஏறிவிட்டன. இனி நான் என்ன செய்ய முடியும்? இலையுதிர்காலத்தில் மறுபதிப்பு வருமாம். அப்போது பதிப்பாளரிடம் பேசிப் பார்க்கிறேன்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நீ பார்த்தது ஹெட்டியின் உடம்பு பட்ட பாட்டை. ஆத்துமா கடைசி நொடியில் எதைக் கண்டது என்று யாருக்குத் தெரியும்? பிட்ஸ்பர்க்கில் ஒரு தாய் தன் மகனை அடக்கம் செய்யும்போது இதைத்தான் பாடினாளாம். அதற்குப் பிறகுதான் கண்ணீர் விட்டு அழ முடிந்தது என்று எனக்கு எழுதியிருக்கிறாள். இப்படி நாள்தோறும் கடிதங்கள் வருகின்றன. அவர்களிடமிருந்தெல்லாம் இதைப் பிடுங்கச் சொல்கிறாயா?

இங்கே லைலக் பூத்திருக்கிறது. ஒரு கொத்து உலர்த்தி வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
எரஸ்டஸ்


மேப்பிள் கிரீக்
18 மே 1873

எரஸ்டஸுக்கு,

லைலக் வேண்டாம். இருமலுக்குத் தேனும் வினிகரும் கலந்து குடி.

உன் புத்தகம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. சகோதரி பெக் ஞாயிறு பள்ளிக்கு ஒரு கட்டு வரவழைத்தாளாம். பெயரைப் பார்த்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இவ்வளவு பெரிய சாட்சிய எங்ககிட்ட மறைச்சுட்டியே லவீனியா, சரியான கஞ்சம் நீ" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அன்றைக்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். உன் அத்தான் குதிரையைக் கட்டிவிட்டுச் சபை வாசலில் வரும்போது உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை அடுப்படி மேசையில் வைத்தார். "இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார். கோபமாக இல்லை. அப்படி ஒரு மெதுவான குரல். நான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிவிட்டேன். ஜனவரிக்குப் பிறகு அந்த முகத்தில் உயிர் வந்தது அன்றைக்குத்தான். மூன்று துண்டு சோளரொட்டி சாப்பிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் செய்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அடுப்பில் போட்டார். இனி நான் பிரசங்கம் செய்யத் தகுதியில்லாதவன், விடுவித்துவிடுங்கள் என்று மூப்பருக்கு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தாராம். எனக்கே தெரியாது.

இப்போது அவர் வீட்டில் பாடிக்கொண்டே நடக்கிறார். ஹெட்டியைப் பற்றி என்னிடம் பேசுகிறார். ஆனால் அவர் பேசுவது வேறொரு பெண்ணைப் பற்றி, எரஸ்டஸ். அந்தப் பெண்ணை நான் பெறவில்லை. என் பெண் கையைத் தட்டிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். அது யாருக்கும் வேண்டாதது ஆகிவிட்டது.

இந்தப் பொய்யை நான் கட்டவில்லை, நான் உடைக்கமாட்டேன். கட்டியவன் நீ. நீயே அவரிடம் சொல். அவர் உன்னைத் திட்டுவார், பிறகு மன்னிப்பார், அவர் சுபாவம் அது. நான் சொன்னால், இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவள் என்று ஆகும்.

லவீனியா


பிலடெல்பியா
6 ஜூலை 1873

அன்பான அக்காவுக்கு,

தேனும் வினிகரும் குடித்தேன். உயிர் போய்த் திரும்பி வந்தது.

உன் கடிதத்தைப் பல தரம் படித்தேன். நீ சொல்வது நியாயம். இதை எழுத்தில் சொல்லக்கூடாது. ஆகஸ்டில் உங்கள் பக்கத்துக் கூடாரக் கூட்டத்தில் பாட்டை நடத்த என்னை அழைத்திருக்கிறார்கள். அத்தானும் அங்கே பிரசங்கம் செய்கிறாராம். அவரைத் தனியாகத் தோப்புக்குள் கூட்டிக்கொண்டு போய், கையைப் பிடித்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். சத்தியம். நீயும் வா. உன்னைப் பார்த்து எத்தனை காலம் ஆகிறது.

உன் தம்பி,
எரஸ்டஸ்


மேப்பிள் கிரீக்
20 ஜூலை 1873

தம்பிக்கு,

நான் வரவில்லை. ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாக அதைப் பாடுவதை என்னால் கேட்க முடியாது. உனக்கு உப்பிட்ட பன்றிக்கறியும் ஆப்பிள் வைத்துச் சுட்ட பணியாரமும் அத்தானிடம் கொடுத்து அனுப்புகிறேன். கூட்டத்துச் சாப்பாட்டை நம்பாதே.

சொல்லிவிடு. அவர் வண்டியிலிருந்து இறங்கும்போது முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அன்றைக்கு அவரோடு கல்லறைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். ஒன்றாக இன்னும் போனதில்லை. அவர் மட்டும் போகிறார், பாடிவிட்டு வருகிறார்.

ஆண்டவர் உனக்குத் தைரியம் தரட்டும். அவரிடம் நான் எதையாவது கேட்டு மாதங்கள் ஆகின்றன.

உன் அக்கா,
லவீனியா


பர்லிங்டன் ரயில் நிலையம், ஐயோவா
25 ஆகஸ்ட் 1873

அக்கா,

உன் வீட்டுக்கு வராமலே போகிறேன் என்று இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். அத்தான் முகத்தைப் பார்த்து மற்றதும் தெரிந்திருக்கும். ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும்.

தனியாகப் பேச வேண்டும் என்று முதல் நாளே அவரிடம் சொன்னேன். "பேசலாம் தம்பி, ஊர்க்கதை எங்க ஓடிப்போகுது" என்று தோளைத் தட்டிவிட்டு மனந்திரும்ப வந்தவர்களிடம் போய்விட்டார். இரண்டாம் நாள் மாலை. பாட்டுக்கு முன்னால் அது பிறந்த கதையைச் சொல்வது நம் வழக்கம். அந்தக் கதையைச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்து, நேரே பாட்டைத் தொடங்கப் போனேன். முன்வரிசையில் உன் அத்தான் எழுந்து நின்றார்.  

"தம்பி, நான் அப்ப அங்க இல்ல. உங்க அக்கா வாயே திறக்க மாட்டேங்கறா. அவ உனக்குத்தான் எழுதினா. நீ எல்லார் முன்னாடியும் சொல்லிடு. எம் பொண்ணு நெஜமா அப்படித்தான் சொன்னாளா?"

அக்கா, அவர் கேட்டது சந்தேகப்பட்டுத்தான். பாடிக்கொண்டு திரிந்த இத்தனை நாளும் அவருக்குள் அது இருந்திருக்கிறது. கெஞ்சினார். உண்மையைச் சொல் என்று கெஞ்சவில்லை. அது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"ஆமா அத்தான்" என்றேன்.

அவர் அப்படியே புல்தரையில் முழங்கால் போட்டார். சுற்றியிருந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். பிறகு பாட்டு. அப்படி ஒரு பாட்டை நான் இனிக் கேட்கப் போவதில்லை. நான் ஆர்கனை மிதித்துக்கொண்டே அழுதேன். எல்லோரும் அது ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார்கள்.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனுஷன் அங்கேயே செத்திருப்பார். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? எழுது. திட்டியாவது எழுது.

எரஸ்டஸ்


மேப்பிள் கிரீக், ஐயோவா
14 செப்டம்பர் 1873

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனன் எரஸ்டஸுக்கு, உன் அத்தான் ஹைரம் வாழ்த்துகளோடு எழுதுவது. நாங்கள் சுகம். குதிரைக்கு மட்டும் கால் வீக்கம். பாவம், நான் இப்போது இரண்டு மடங்கு தூரம் ஓட்டுகிறேன்.

நீ வீட்டுக்கு வராமல் ரயில் ஏறிவிட்டாய் என்று உன் அக்காவுக்குக் கோபம் போலிருக்கிறது. உன் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். உனக்காகச் செய்த இன்னொரு ஆப்பிள் பணியாரத்தை நானே முழுதும் சாப்பிட்டுத் தீர்த்தேன். ஆகவே உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

தம்பி, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவள் போனபோது நான் அங்கே இல்லாதவன். மற்றவர் பிள்ளைகளுக்குப் பரலோகத்தைப் பிரசங்கித்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றேன். அவள் பயந்து போயிருந்தால் நான் இனி எந்த மேடையிலும் ஏற முடியாது. கர்த்தரே அவள் பக்கத்தில் நின்றார் என்றால் முடியும். கூட்டத்தில் நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் நான் இப்போது எழுந்து நடமாடுகிறேன்.

லவீனியா இன்னும் கல்லாக இருக்கிறாள். துக்கத்தை உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் எங்கள் சபையில் அன்பின் விருந்து. அப்பமும் தண்ணீரும் பகிர்ந்துகொண்ட பிறகு சாட்சி சொல்லும் நேரத்தில் அவளும் எழுந்து நின்று ஹெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வெகுநேரம் என்னையே பார்த்தாள். பிறகு சரி என்றாள். ஜெபித்துக்கொள்.

உன் அத்தான்,
ஹைரம்


மேப்பிள் கிரீக்
12 அக்டோபர் 1873

எரஸ்டஸுக்கு,

நீ எழுதிய நாலு கடிதமும் வந்தன. பதில் போட மனம் வரவில்லை. குளிர் தொடங்கிவிட்டது, நெஞ்சுக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டாய். செய்துவிட்டேன், கேள்.

போன ஞாயிறு அன்பின் விருந்து. சபை நிறைந்திருந்தது. அப்பத்தட்டு சுற்றி வந்தது. உன் அத்தான் தண்ணீர்க் குவளையை வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். சாட்சி நேரம் வந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார், எனக்குத் துணையாக. நான் எழுந்தேன். இதைத் தனியாக அவரிடம் வீட்டில் சொல்லியிருக்கலாம். எத்தனையோ தரம் முயன்றேன், எரஸ்டஸ். அவர் பாடிக்கொண்டிருப்பார். நான் திரும்பிவிடுவேன். எல்லார் முன்னாலும் நின்றால் திரும்ப முடியாது என்று நினைத்தேன்.

நடந்ததை நடந்தபடியே தொடங்கினேன். "அன்னைக்கு மத்தியானம், நல்ல வெயில். இருட்டா இருக்கு, விளக்கை ஏத்துன்னா." அவ்வளவுதான் சொன்னேன். விளக்கு என்ற சொல் வந்ததும் சபை முழுக்க ஆமென், ஆமென் என்றது. அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சகோதரி பெக் கண்ணை மூடிக்கொண்டு உன் பல்லவியை எடுத்தாள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அத்தானும் பாடினார்.

நான் உட்காரவில்லை. அந்தச் சத்தத்துக்குள்ளேயே மீதியையும் சொன்னேன். நிறுத்தச் சொல்லிக் கத்தவில்லை. சாதாரணக் குரலில்தான் சொன்னேன். பொய் சொல்ற என்றது, கையைத் தட்டியது, "அப்பா எங்க, அப்பா எங்க" என்று கடைசிவரை கூப்பிட்டது, பயந்தது. விளக்கு வேண்டாம் என்றது நான்தான் என்றும் சொன்னேன். ஒருவர் காதிலும் விழவில்லை. எல்லோரும் கண்ணை மூடி, கையைத் தூக்கி, அழுதுகொண்டே பாடினார்கள். என் உதடு அசைவதைப் பார்த்தவர்கள் நானும் பாடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பக்கத்தில் நின்றவர் காதில் மட்டும் விழுந்தது. அவர் பாடுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். இத்தனை மாதமாக அவர் அப்படி என்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் ஏங்கினேன். பார்த்த அந்த நொடியே, ஐயோ, மறுபடி பாடமாட்டாரா என்று இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் கல்லறைத் தோட்டத்தின் பக்கம் வண்டியை நிறுத்துவார் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. அடுப்படியில் உட்கார்ந்தபிறகு, "என்னையா கூப்பிட்டா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. அழவும் இல்லை. அவரோடு சேர்ந்து அழலாம் என்று இருந்தேனே, எனக்கும் அழுகை வரவில்லை. மூப்பருக்கு மறுபடி எழுதி, இந்த முறை தபாலில் போட்டுவிட்டார். குதிரையையும் பெக் வீட்டுக்கு விற்றுவிட்டார். காலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் இருட்டும்வரை அங்கேதான். ஊட்டினால் சாப்பிடுகிறார்.

மறுபதிப்பிலிருந்து பாட்டை எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். நான்தான் அதைக் கேட்டேன். இப்போது சொல்கிறேன், எடுக்காதே. அப்படியே இருக்கட்டும்.

நீ உடனே புறப்பட்டு வா. வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்க அக்காவுக்குத் துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது, அவள் சொன்னதை நம்பாதீர்கள், பாட்டில் இருப்பதுதான் நிஜம், எனக்கு முதலில் அப்படித்தான் எழுதினாள் என்று சொல். நானும் ஆமாம் என்று சொல்கிறேன்.

உன் அக்கா,
லவீனியா